பருத்தித் துணியில் படிந்த எண்ணெய் அழுக்கை அழுக்ககற்றிகள் அகற்றும் விதம்

(மனைப்பொருளியல், விஞ்ஞானம் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படும்)



உங்கள் சீருடையின் நிறம் வெள்ளை. தலைக்கு வைப்பது தேங்காய் எண்ணெய். பாமன்கடையிலிருந்து பாடசாலைக்குப் போவது காலி வீதியின் புகைக்கும் தூசுக்கும் நடுவே. இம்மூன்றும் சேர்ந்தால் கிடைப்பது கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் ஓடும் அந்த மஞ்சள் கலந்த கருங்கோடு. இரட்டைப் பின்னல் போடும் மாணவிகளுக்கு முதுகுப் புறத்தில் இரண்டு எண்ணெய்த் தடங்களும் மேலதிகமாகக் கிடைக்கும். வெறும் நீரில் எத்தனை முறை அலசினாலும் போகாத இவ்வழுக்கு, ஒரு மேசைக்கரண்டி சலவைத்தூள் போட்டவுடன் போவது எப்படி?

"சவர்க்காரம் அழுக்கைக் கரைக்கும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும் மாணவர்கள் பலர். இது பாதி விடை கூட இல்லை. உண்மையில் சவர்க்காரம் எண்ணெயை நீரில் கரைப்பதில்லை. எண்ணெயை நாரிலிருந்து கழற்றி, சிறு துளிகளாக்கி, மீண்டும் ஒட்டாமல் நீரில் மிதக்க வைத்து, நீரோடு வெளியேற்றுகின்றது. இந்த வரிசையை விளங்கிக்கொண்டால் வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை எழுதலாம்.

அழுக்கு என்பது யாது?

நமது தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகள் ஓயாமல் ஒருவகை எண்ணெயைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அதில் கொழுப்புகள், விடுதலையான கொழுப்பமிலங்கள், மெழுகுகள் முதலியன உண்டு. கழுத்து, கைமணிக்கட்டு, அக்குள் ஆகிய இடங்களில் துணி தோலோடு உராய்வதால் இவ்வெண்ணெய் துணிக்கு இடம்மாறுகின்றது. தனியே இருந்தால் அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எண்ணெய் ஒரு பசையைப் போன்றது. வாகனப் புகையின் கரித்துகளும் வீதித் தூசும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே நாம் கருமையாகக் காண்பது தூசு; அதைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய். எண்ணெயைக் கழற்றிவிட்டால் தூசின் பெரும்பகுதியும் தானாகவே போய்விடும். இதனாலேயே நமது பாடம் எண்ணெயைச் சுற்றியே அமைகின்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெய்க் கறை பழையதாகப் பழையதாக வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமடைந்து மஞ்சளாகி இறுகுகின்றது. வெள்ளிக்கிழமை கழற்றிய சீருடையை ஞாயிறு இரவு தோய்ப்பதைவிட அன்றே தோய்ப்பது இலகு என்று அம்மா சொல்வதில் இரசாயனம் இருக்கின்றது.

பருத்தி நாரின் இயல்பு

பருத்தி நார் பெரும்பாலும் செலுலோசு என்னும் பொருளாலானது. குளுக்கோசு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியே செலுலோசு. அதன் ஒவ்வோர் அலகிலும் ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. இக்கூட்டங்கள் நீர் மூலக்கூறுகளுடன் ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்த வல்லவை. அதாவது பருத்தி இயல்பிலேயே நீரை விரும்பும் நார். உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தித் துணிகூட வளியிலிருந்து தன் நிறையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை எடுத்து வைத்திருக்கும். பொலியெஸ்தர் நார் எடுத்துக்கொள்வது அரைச் சதவீதத்துக்கும் குறைவு.

பருத்தியின் இரு குணங்கள் சலவைக்கு மிகவும் வசதியானவை. ஒன்று, நனைந்த பருத்தி நார் உலர்ந்ததைவிட வலிமை கூடியது. ஆகவே கல்லில் அடித்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் தாங்கும். மற்றையது, அது காரத்தைத் தாங்கும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாம். இதே வேலையைக் கம்பளிக்கோ பட்டுக்கோ செய்தால் துணி பாழ். அவை புரத நார்கள், காரம் அவற்றைச் சிதைக்கும். ஆனால் வன்னமிலங்கள் பருத்திக்கு ஆகா.

பஞ்சாக இருக்கும்போது பருத்தியின் வெளிப்புறத்தில் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. சுத்தம் செய்யாத பஞ்சை நீரில் போட்டால் அது மிதப்பது இதனால்தான். ஆலைகளில் காரக் கரைசலில் வேகவைத்து இந்த மெழுகை அகற்றிய பின்னரே சாயம் ஏற்றுவர். (நமது வெள்ளவத்தையிலேயே ஒருகாலத்தில் நூல் நூற்கும், நெசவு செய்யும் பேராலை ஒன்று இருந்தது. 1933 இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. வரலாறு படிப்பவர்கள் இதனை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.)

நீரால் மட்டும் முடியாதது ஏன்?

நீர் மூலக்கூறு முனைவுள்ளது. அதன் ஒட்சிசன் பக்கம் சிறிது மறையேற்றமும் ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றமும் கொண்டது. ஆகவே நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறின் பெரும்பகுதி நீண்ட ஐதரோகாபன் சங்கிலி, அது முனைவற்றது. தம்மோடு கைகோக்க முடியாத ஒன்றுக்காக நீர் மூலக்கூறுகள் தமது பிடியை விடுவதில்லை. எண்ணெய் ஒதுங்கி நிற்கின்றது.

நீர் மூலக்கூறுகளின் இந்த ஒட்டுறவின் வெளித்தோற்றமே மேற்பரப்பிழுவை. 25 பாகை செல்சியஸில் தூய நீரின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 0.072 நியூற்றன். சாதாரண திரவங்களுடன் ஒப்பிட்டால் இது மிக உயர்ந்த பெறுமானம். இதனால் எண்ணெய் பட்ட துணியில் விழுந்த நீர், சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல உருண்டு நிற்குமேயன்றி நூலிடைகளுக்குள் இறங்காது. நீர் போகாத இடத்திலிருந்து அழுக்கு எப்படி வெளியே வரும்?

மண்ணெண்ணெய் ஊற்றினால் சைக்கிள் கிறீஸ் கரையும். இரண்டும் முனைவற்றவை என்பதால். உலர் சலவை நிலையங்களில் செய்வதும் இவ்வழிதான். ஆனால் வீட்டில் ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெயில் தோய்க்க முடியாதே. நீரையும் எண்ணெயையும் சமாதானம் செய்துவைக்கும் ஒரு தரகர் தேவை.

தலையும் வாலும்

அத்தரகரே சவர்க்கார மூலக்கூறு. கொழுப்பையோ எண்ணெயையோ சோடியம் ஐதரொட்சைட்டுடன் சேர்த்து வெப்பமேற்றினால் சவர்க்காரமும் கிளிசரோலும் கிடைக்கும். சொற்சமன்பாடு வருமாறு:

கொழுப்பு + சோடியம் ஐதரொட்சைட்டு → சவர்க்காரம் + கிளிசரோல்

சவர்க்கார மூலக்கூறு ஒரு தலைப்பிரட்டையைப் போன்றது. 12 முதல் 18 வரையான காபன் அணுக்களைக் கொண்ட நீண்ட வால். அது முனைவற்றது, எண்ணெயை நாடும், நீரை வெறுக்கும். மறுமுனையில் காபொட்சிலேற்று என்னும் மறையேற்றம் பெற்ற சிறு தலை. அது நீரை நாடும். ஒரே மூலக்கூறில் இரு எதிரெதிர் குணங்கள். நான் கலைப்பீடத்தில் படித்து வந்தவர்களுள் ஒருவர் என்றபடியால் சொல்கிறேன், சூத்திரங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும்" என்ற ஒரு வரியிலிருந்து இப்பாடத்தின் பெரும்பகுதியை நீங்களே ஊகித்து எழுதலாம்.

செயற்கை அழுக்ககற்றிகளும் இதே அமைப்பை உடையவையே. தலை மட்டும் வேறு: காபொட்சிலேற்றுக்குப் பதிலாகச் சல்பேற்று அல்லது சல்போனேற்று. சலவைத்தூள்களில் மிகுதியாகக் காணப்படுவது நேர்சங்கிலி அற்கைல் பென்சீன் சல்போனேற்று. சோடியம் இலோரில் சல்பேற்று இன்னொன்று. அதன் வாலிலுள்ள 12 காபன்கள் தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைவாசி இலோரிக் அமிலம். பின்னல் பட்ட தேங்காய் எண்ணெய்க் கறையை அகற்றும் பொருளின் வால்கூடத் தேங்காயிலிருந்து வந்ததாக இருக்கலாம். 1884 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த சன்லைட் சவர்க்காரத்திலும் விலங்குக் கொழுப்பை மட்டும் நம்பாமல் கொப்பரா எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் சேர்க்கப்பட்டன.

வாளிக்குள் நடப்பது என்ன?

இதுவே வினாவின் இதயம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நனைத்தல். தூள் நீரில் கரைந்ததும் மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்புக்கு விரைந்து, தலையை நீருக்குள்ளும் வாலை வளியிலும் வைத்துக்கொண்டு நெருங்கி நிற்கும். நீர் மூலக்கூறுகளின் இறுகிய பிடி மேற்பரப்பில் தளரும். மேற்பரப்பிழுவை 0.072 இலிருந்து 0.03 நியூற்றன் அளவுக்கு இறங்கும். இப்போது நீர் துணிமேல் பரவி, நூலிடைகளுக்குள்ளும் நாரிடைகளுக்குள்ளும் இறங்கும். வீட்டில் செய்து பார்க்க: ஒரு கிண்ணம் நீரில் மிளகுத்தூளைத் தூவி, நடுவில் ஒரு துளி சவர்க்கார நீரை விடுங்கள். தூள் விலகி ஓரத்துக்கு ஓடும். ஓரத்திலுள்ள நீரின் இழுவை அப்படியே இருக்க, நடுவில் மட்டும் இழுவை குறைந்ததே காரணம்.

அடுத்து நிகழ்வது பல மாணவர்கள் எழுதத் தவறும் படி: சுருண்டு கழலல். எண்ணெய் நாரின்மேல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கின்றது. அழுக்ககற்றி மூலக்கூறுகள் எண்ணெய்க்குள் வாலைச் செருகி அதன் மேற்பரப்பில் நிரை நிரையாக நிற்கின்றன. நாரின் பக்கமும் அழுக்ககற்றி கலந்த நீர் எண்ணெய்க்கு அடியால் ஊர்ந்து செல்கின்றது. பருத்தி நீரை விரும்பும் நார் என்று மேலே படித்தோம் அல்லவா? நீரும் எண்ணெயும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் பருத்தி நீருக்கே இடங்கொடுக்கும். நீர் முன்னேற முன்னேற எண்ணெய்ப் படலத்தின் விளிம்பு பின்வாங்குகின்றது; படலம் சுருண்டு துளியாகின்றது; துளி நாரைத் தொடும் பரப்புக் குறைந்துகொண்டே வருகின்றது. கடைசியில் ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளியைக் கையால் கசக்குவதோ தூரிகையால் தேய்ப்பதோ பொறியின் சுழற்சியோ பிய்த்தெடுத்துவிடும். ஊறவைத்தபின் கசக்குவது ஏன் என்ற வினாவுக்கு விடை இங்கே இருக்கின்றது. ஊறும் நேரம் சுருள்வதற்கு, கசக்குவது கழற்றுவதற்கு.

பொலியெஸ்தர் துணியில் இது இவ்வளவு இலகுவாக நடப்பதில்லை. அந்நார் எண்ணெயை விரும்புவது. எண்ணெயை விட மனமில்லாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பருத்திக்கும் ஒரு குறை உண்டு. அதன் நார் முறுக்கிய தட்டையான குழாய் போன்றது. நடுவில் துவாரமும் வெளியில் மடிப்புகளும் உண்டு. அம்மடிப்புகளுக்குள் புகுந்த எண்ணெய் எளிதில் வெளிவராது. இதனால்தான் கழுத்துப் பட்டிக்கு மட்டும் நேரடியாகச் சவர்க்காரம் பூசிச் சிறிது நேரம் வைத்துவிட்டுத் தேய்க்கின்றோம்.

மூன்றாவது, குழம்பாக்கல். கழன்ற எண்ணெய்த் துளியைச் சுற்றி அழுக்ககற்றி மூலக்கூறுகள் வாலை உள்ளேயும் தலையை வெளியேயும் வைத்து வேலி கட்டுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் நீருக்கு எண்ணெய் தெரிவதில்லை. நீரை விரும்பும் தலைகள் மட்டுமே தெரிகின்றன. எண்ணெய் சிறு துளிகளாக நீரில் பரவி நிற்கும் இந்நிலையே குழம்பு. பால் இதற்கு நல்ல உதாரணம். கொழுப்புத் துளிகள் நீரில் பரவியிருப்பதால்தான் அது வெண்மையாகத் தெரிகின்றது. மிகச் சிறிய அளவு எண்ணெய், மைசெல் எனப்படும் கொத்துகளுக்குள் புகுந்துகொள்வதும் உண்டு. நீருக்குள் இடந்தேடும் அழுக்ககற்றி மூலக்கூறுகள் வால்களை உள்நோக்கி வைத்துக் கூடி நிற்கும் உருண்டையே மைசெல். சோடியம் இலோரில் சல்பேற்றில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மைசெல் ஆகின்றன.

மைசெல் தோன்ற ஒரு குறைந்தபட்சச் செறிவு வேண்டும். சோடியம் இலோரில் சல்பேற்றுக்கு அறைவெப்பநிலையில் தூய நீர் 1 லீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். தூளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் துணி நனையும், எண்ணெய் போகாது. அள்ளிக் கொட்டினாலும் பயனில்லை. அலசி முடியாது, நீர்தான் வீண். பக்கற்றின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் அளவை ஒருமுறையாவது வாசியுங்கள்.

நான்காவது, மீண்டும் படியாமல் தடுத்தல். எல்லாத் துளிகளின் வெளிப்புறத்திலும் மறையேற்றம். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே துளிகள் ஒன்றுசேர்ந்து பெருத்து மேலே மிதப்பதில்லை. கார நீரிலுள்ள பருத்தியின் பரப்பும் மறையேற்றம் பெறுவதால், துளிகளும் கரித்துகள்களும் துணியிலிருந்தும் தள்ளப்படுகின்றன. இருந்தும் அழுக்கு நீரிலேயே துணியை இரவு முழுவதும் போட்டு வைத்தால் அழுக்கு திரும்பவும் படிந்து வெள்ளைத் துணி சாம்பல் பூத்துவிடும். இறுதியில் நல்ல நீரில் இருமுறையாவது அலசுவது கட்டாயம்.

நுரையைப் பற்றி ஒரு சொல். நுரை வந்தால் அழுக்குப் போகும் என்பது விளம்பரம் பார்த்து வந்த எண்ணம். நுரை என்பது வளிக்குமிழிகளைச் சுற்றி மூலக்கூறுகள் நிற்பது. அங்கே நிற்பவை எண்ணெயைக் கழற்றப் போவதில்லை. சலவைப்பொறிக்கான தூள்கள் வேண்டுமென்றே குறைந்த நுரை தருமாறு தயாரிக்கப்படுகின்றன. ஆனால் சவர்க்காரத்தைப் பொறுத்தவரை, நுரை நின்றுவிட்டால் அது எண்ணெயிலோ வன்னீரிலோ செலவாகி முடிந்துவிட்டது என்று அறியலாம்.

யாழ்ப்பாணக் கிணற்று நீரும் கொழும்புக் குழாய் நீரும்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வந்த மாணவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே குழாய் நீரில் குளித்தால் சவர்க்காரம் வழுவழுவென்று நுரைக்கும், கழுவி முடிவதில்லை. அங்கே கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. தலைமயிர் கட்டிபட்டு நிற்கும்.

காரணம் நிலத்தின் அடியில் இருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்பாறை கரைந்து உண்டான வெடிப்புகளின் விளைவுகளே. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சற்று அமிலத் தன்மை பெறுகின்றது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லின் கல்சியம் காபனேற்றைக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிக் கரைத்துக்கொள்கின்றது. இவ்வாறு கல்சியம், மகனீசியம் அயன்கள் மிகுந்த நீர் வன்னீர். கொழும்புக்கோ லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றின் அம்பத்தளையிலிருந்தும் நீர் வருகின்றது. அப்பகுதிகளில் சுண்ணாம்புப் பாறை இல்லை. ஆகவே அது மென்னீர்.

வன்னீரில் சவர்க்காரத்துக்கு நேர்வது இது:

சோடியம் சவர்க்காரம் + கல்சியம் அயன் → கல்சியம் சவர்க்காரம் (வீழ்படிவு) + சோடியம் அயன்

கல்சியம் சவர்க்காரம் நீரில் கரையாது. வெண்மையான ஆடையாக வாளி ஓரத்தில் படியும். துணியின் நாரிடைகளிலும் படியும். அதனால் துணி விறைத்து, நாளடைவில் பழுப்பேறும். நீரிலுள்ள கல்சியம் முழுவதும் இவ்வாறு வீழ்படிந்து முடிந்த பிறகே மீதிச் சவர்க்காரம் அழுக்கைக் கவனிக்கும். சவர்க்காரக் கட்டி கரைந்ததுதான் மிச்சம்.

சல்போனேற்றுத் தலைகொண்ட அழுக்ககற்றிகளின் கல்சியம் உப்புகள் இவ்வளவு இலகுவில் வீழ்படிவதில்லை. வன்னீரில் சவர்க்காரத்தைவிடச் செயற்கை அழுக்ககற்றி சிறந்தது என்று நாம் எழுதுவது இதனால்தான். எனினும் வன்மை மிகுந்தால் அவையும் ஓரளவு பாதிக்கப்படும். ஆகவே தூளில் கல்சியத்தை அகற்றும் துணைப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. சலவைச் சோடா கல்சியத்தைக் காபனேற்றாக வீழ்த்துகின்றது. பொசுபேற்று அதனைப் பற்றிப்பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கின்றது. சியோலைற்று தன் சோடியத்தைக் கொடுத்துக் கல்சியத்தை வாங்கிக்கொள்கின்றது.

பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த காலம்

இப்பகுதி பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் வாசியுங்கள்; இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1990 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. மண்ணெண்ணெய், மின்கலம் முதலியவற்றோடு சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று; கிடைத்தாலும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத்தான் செய்தார்கள். சீருடை அப்போதும் வெள்ளைதான். பலர் பழைய வழக்கமொன்றுக்குத் திரும்பினார்கள். பழுத்த பனம்பழத்தின் தோலை உரித்து, அதன் களியை நீரில் பிசைந்து, அந்நீரில் உடுப்பைத் தோய்த்தார்கள். மஞ்சள் நிறம் துணியில் ஏறும். வெயிலில் போட்டால் வெளிறும். வாசனைக்கு மாடுகள் வந்து கொடியில் காயும் உடுப்பைச் சப்பிவிட்டுப் போகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

பனங்களி எண்ணெயை அகற்றியது எப்படி? பனம்பழத்தின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருள்கள் சபோனின் வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஆராய்ந்தவர்களுள் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான்ஸ் முக்கியமானவர். சபோனின் மூலக்கூறின் ஒரு பகுதி எண்ணெயை நாடும் சிரொயிட்டு. மற்றப் பகுதி நீரை நாடும் வெல்லங்கள். பார்த்தீர்களா, மீண்டும் அதே தலையும் வாலும்! சீயாக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதும் சபோனினால்தான். இதில் இன்னொரு நயம் உண்டு. வெல்லத் தலைக்கு மின்னேற்றம் இல்லை. மின்னேற்றம் இல்லாததோடு கல்சியம் அயன் சேர்ந்து வீழ்படிவு உண்டாக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் படும் பாடு பனங்களிக்கு இல்லை.

போர்ப் பற்றாக்குறை வேறிடத்திலும் இதே கேள்வியை எழுப்பியிருக்கின்றது. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியில் கொழுப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உண்பதற்கே கொழுப்பு இல்லாதபோது சவர்க்காரத்துக்கு எங்கே போவது? நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு அங்கே ஆக்கப்பட்ட "நெக்கால்" என்பதே முதலாவது செயற்கை அழுக்ககற்றி எனக் கொள்ளப்படுகின்றது. ஓரிடத்தில் தொழிற்சாலை, ஓரிடத்தில் பனைமரம்.

வெப்பநிலையும் நொதியமும்

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் உருகும். கொழும்பில் குழாய் நீரே அதற்குப் போதும். மாட்டுக் கொழுப்பு, நெய் போன்றவற்றுக்குச் சுடுநீர் வேண்டும். உருகிய எண்ணெயே சுருண்டு துளியாக முடியும், உறைந்தது முடியாது. ஆனால் இரத்தம், முட்டை, பால் ஆகிய புரதக் கறைகளை முதலில் குளிர்ந்த நீரிலேயே அலச வேண்டும். சுடுநீர் பட்டால் புரதம் திரைந்து நாரோடு ஒட்டிவிடும். எண்ணெய்க் கறைக்கும் புரதக் கறைக்கும் உள்ள இவ்வேறுபாடு அடிக்கடி குழப்பும் இடம்.

நொதியம் சேர்ந்த தூள்களில் இலிப்பேசு கொழுப்பை உடைக்கின்றது. புரத்தியேசு புரதத்தை உடைக்கின்றது. இவையும் புரதங்களே. கொதிநீரில் போட்டால் இயல்பு மாறிப் பயனற்றுப் போகும்.

வாய்க்காலுக்குப் போனபின்

வாளியைக் கவிழ்த்ததும் அழுக்ககற்றி மறைந்துவிடுவதில்லை. 1950களில் பயன்பட்ட அழுக்ககற்றிகளின் வால்கள் கிளைகொண்டவை. பற்றீரியாக்களால் அவற்றை இலகுவில் உடைக்க முடியவில்லை. ஐரோப்பா, அமெரிக்காவின் ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. 1960களின் நடுப்பகுதியில் அங்கெல்லாம் நேர்சங்கிலி வால்களுக்கு மாறினார்கள். இவற்றைப் பற்றீரியா உடைக்கும். பொசுபேற்று வேறு வகைத் தொல்லை. அது பாசிக்கு உரம். கழிவுநீர் சேரும் வாவியில் பாசி பெருகி, இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் சாகும். கொழும்பு பேர வாவியின் பச்சை நிறத்தைப் பார்த்தவர்களுக்கு நற்போசணையாக்கம் என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. அங்கே குற்றவாளி சலவைத்தூள் மட்டுமல்ல, மலசலக் கழிவும்தான் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி

1. பருத்திச் சட்டையிலும் பொலியெஸ்தர் சட்டையிலும் ஒரே அளவு தேங்காய் எண்ணெய் பட்டது. ஒரே அழுக்ககற்றியால் ஒரே விதமாகத் தோய்த்தபோது பருத்திச் சட்டையிலிருந்து எண்ணெய் கூடுதலாக அகன்றது. காரணம் தருக.

குறிப்பு: "பருத்தி நல்ல துணி" என்று எழுத வேண்டாம். ஐதரொட்சில் கூட்டத்தில் தொடங்குங்கள். சுருண்டு கழலலில் முடியுங்கள்.

2. மழைநீர், யாழ்ப்பாணக் கிணற்று நீர், கொதித்து ஆறிய அதே கிணற்று நீர் ஆகிய மூன்று மாதிரிகளுக்கும் சமஅளவு சவர்க்காரக் கரைசல் சேர்த்துக் குலுக்கப்பட்டது. நுரையின் உயரத்தை இறங்கு வரிசையில் எழுதி, அவ்வாறு எழுதியதற்கான காரணத்தையும் கூறுக.

குறிப்பு: கொதிக்கும்போது கல்சியம் இருகாபனேற்று பிரிகையடைந்து, கேத்தலின் அடியில் காணப்படும் வெள்ளைப் படிவாகின்றது. கொதித்தாலும் போகாத வன்மையும் உண்டு என்பதை மறவாதீர்கள். மூன்றாவது மாதிரி நடுவில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. எண்ணெய் பட்ட சீருடையைத் தோய்க்கும் மாணவி ஒருத்தி, சலவைத்தூளைக் கரைத்தவுடனேயே துணியைப் போட்டு, ஊறவிடாமல் எடுத்து, கசக்காமல் ஒருமுறை அலசிக் காயப்போட்டாள். அவள் தவறவிட்ட ஒவ்வொரு செயலும் அழுக்ககற்றலின் எப்படியைப் பாதித்தது என எழுதுக.

குறிப்பு: தூள், நீர் இரண்டிலும் குறையில்லை எனக் கொள்க. மூன்று செயல்கள் தவறியுள்ளன; மூன்றுக்கும் தனித்தனியே விடை வேண்டும்.